தோட்டத்துப் பந்தலிலிருந்து ஆற்றங்கரை மண்டபத்துக்கு

இத்தொடரில் இதுவரை நாம் கடலையும் கரையையும் விட்டு அதிகம் விலகவில்லை. முத்துக் குளிக்கும் சலாபக் காலத்தில் ஓலைக் கொட்டகைகளாக எழுந்து, சிப்பி தீர்ந்ததும் கலைந்துபோன கரையோரக் குடியிருப்புகளைப் பார்த்தோம். மாப்பிள்ளையூரணிப் பக்கத்து உப்பளங்களையும், ஆழமில்லாத தூத்துக்குடித் துறைமுகத்தில் கப்பலுக்கும் கரைக்கும் இடையே சரக்கு சுமந்த தோணிகளையும் பார்த்தோம். இந்தப் பகுதியில் மேற்கே ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் தள்ளி, திருநெல்வேலித் தாமிரபரணிக் கரைக்குப் போக வேண்டியிருக்கிறது. தூத்துக்குடிக் கடற்கரையில் 1908 பிப்ரவரியில் தொடங்கிய அரசியல், மார்ச்சில் உச்சத்தைத் தொட்டது அங்கேயுள்ள தைப்பூச மண்டபத்தில்தான். வ.உ.சி.யைப் பற்றியும் சுப்பிரமணிய சிவாவைப் பற்றியும் நிறைய எழுதப்பட்டிருக்கிறது. அவர்கள் எங்கே நின்று பேசினார்கள் என்பதற்கு யாரும் அதிக இடம் ஒதுக்கவில்லை. இந்த விடுபடல் சிறியதல்ல. கூட்டம் எங்கே கூடியது என்பதே யார் வந்தார்கள் என்பதைத் தீர்மானித்தது. யார் வந்தார்கள் என்பது எந்த மொழியில் பேசினார்கள் என்பதைத் தீர்மானித்தது. இவை இரண்டும் சேர்ந்துதான் அரசாங்கத்தை அச்சுறுத்தின. இந்த வாதத்தைச் சான்றுகளோடு நிறுவிப் பார்ப்பதே இப்பகுதியின் வேலை.

தொடக்கத்தை இருபது ஆண்டுகள் பின்னால் தேட வேண்டும். 1887 டிசம்பர் இறுதியில் இந்திய தேசிய காங்கிரசின் மூன்றாவது மாநாடு சென்னையில் கூடியது. ஆயிரம் விளக்குப் பகுதியில் ஒரு பெரிய தோட்டத்தில் அதற்காகப் பந்தல் போட்டார்கள். மக்கீஸ் கார்டன் என்ற பெயரில் அந்த இடம் இன்றும் சென்னைக்காரர்களுக்குத் தெரியும். பத்ருதீன் தயாப்ஜி தலைமை வகித்தார். வரவேற்புக் குழுவுக்கு ராஜா சர் டி. மாதவராவ் தலைவர். 607 பிரதிநிதிகள் வந்தார்கள். அந்தப் பந்தலை வெறும் கனவான்கள் கூட்டம் என்று ஒதுக்கிவிடுவது நியாயமாகாது. மாநாட்டுச் செலவுக்கு ஓர் அணாவிலிருந்து ஒன்றரை ரூபாய் வரை கொடுத்தவர்கள் எண்ணாயிரம் பேர். அவர்களிடமிருந்து மட்டும் ஐந்தாயிரத்து ஐந்நூறு ரூபாய் சேர்ந்தது. காங்கிரஸ் என்றால் என்ன என்பதைத் தமிழில் கேள்வியும் பதிலுமாக விளக்கி, ‘தி இந்து’ பத்திரிகையின் நிறுவனர்களில் ஒருவரான வீரராகவாச்சாரியார் எழுதிய சிறு நூல் முப்பதாயிரம் படிகள் பரவியது. தஞ்சாவூரைச் சேர்ந்த மூக்கன் ஆசாரி என்ற கைத்தொழிலாளர் அந்த மேடையில் தமிழிலேயே பேசினார். அவ்வளவு பெரிய அகில இந்திய அவையில் ஒரு தொழிலாளி தன் தாய்மொழியில் பேசியது சாதாரணச் செய்தியல்ல. தமிழ்நாட்டு அரசியல் மேடையின் வரலாற்றை எழுதுகிறவர் எவரும் இந்தப் பெயரைத் தாண்டிப் போகக் கூடாது.

ஆனாலும் அந்தப் பந்தலுக்கு ஓர் எல்லை இருந்தது. தோட்டத்துக்குச் சுற்றுச்சுவரும் வாசலும் உண்டு, உரிமையாளரும் உண்டு. உள்ளே உட்கார்ந்தவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகளும் அனுமதி பெற்ற பார்வையாளர்களும்தான். மூக்கன் ஆசாரி ஒருவர் தமிழில் பேசினார் என்பதே மற்றவர்கள் எந்த மொழியில் பேசினார்கள் என்பதைச் சொல்லிவிடுகிறது. ஆளுநர் கன்னிமாரா பிரபு பிரதிநிதிகளை அரசினர் மாளிகைக்கு அழைத்து விருந்தளித்தார். தோட்டத்துப் பந்தலைக் கண்டு அவருக்குப் பயமில்லை. பயம் வந்தபோது என்ன நடந்தது என்பதை மறு ஆண்டே அலகாபாத்தில் பார்க்க முடிந்தது. காங்கிரசை விரும்பாத மாகாண நிர்வாகம் மாநாட்டுக்கு இடமே கிடைக்கவிடாமல் இடையூறு செய்தது. 1892-இல் அதே ஊரில் மறுபடி கூடியபோது, தர்பங்கா மகாராஜா விலைக்கு வாங்கிய லௌதர் காஸில் வளாகத்தில்தான் மாநாடு நடந்தது. அரசியல் பேசுவதற்கு ஒரு மகாராஜாவின் நிலம் தேவைப்பட்டது. லண்டனிலும் கதை வேறல்ல. 1866-இல் வாக்குரிமை கேட்டு வந்தவர்களைத் தடுக்க ஹைடு பார்க் கதவுகளைச் சாத்தினார்கள். மக்கள் கம்பி வேலியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு உள்ளே போனார்கள். கூடுவதற்கு ஓர் இடம் என்பது அரசியலுக்குப் பிறகு வரும் ஏற்பாடு அல்ல, அரசியலின் முதல் தேவையே அதுதான் என்பதை இரண்டு நாட்டு அதிகாரிகளும் மக்களை விட முன்னதாகவே உணர்ந்திருந்தார்கள்.

இனி தூத்துக்குடிக்கு வருவோம். 1906 அக்டோபர் 16 அன்று வ.உ.சி.யின் சுதேசி நாவாய்ச் சங்கம், அதாவது சுதேசிக் கப்பல் கம்பெனி, பதிவு செய்யப்பட்டது. மூலதனம் பத்து லட்சம் ரூபாய், பங்கு ஒன்று இருபத்தைந்து ரூபாய் வீதம் நாற்பதாயிரம் பங்குகள். மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர் தலைவர். ஹாஜி முகமது பக்கீர் சேட் ஒருவரே இரண்டு லட்சம் ரூபாய்க்குப் பங்கு வாங்கினார். அடுத்த ஆண்டில் காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள் வந்தன. பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தும், பிறகு இலவசமாக ஏற்றிக்கொண்டும் போட்டியிட்டது. இவையெல்லாம் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த செய்திகள்தாம். ஒன்றை மட்டும் கவனத்தில் கொள்ள வேண்டும். 1907 முடியும் வரை இது பெரும்பாலும் வணிகர்கள், ஜமீன்தார்கள், வக்கீல்கள் ஆகியோரின் முயற்சியாகவே இருந்தது. பங்குப் பத்திரத்தை எழுதிக் கொடுக்க ஓர் அலுவலக அறை போதும். அந்தக் கட்டத்தில் மக்கீஸ் கார்டன் அரசியலுக்கும் தூத்துக்குடி அரசியலுக்கும் உள்ள வேறுபாடு துணிச்சலில் இருந்ததே தவிர, பங்கெடுத்தவர்களின் வட்டத்தில் பெரிதாக இல்லை.

1907 டிசம்பரில் சூரத் காங்கிரசுக்குப் போய்த் திலகர் பக்கம் நின்றுவிட்டுத் திரும்பிய வ.உ.சி. திருநெல்வேலி மாவட்டத்துக்குத் தேசாபிமான சங்கம் ஒன்றை ஏற்படுத்தினார். 1908 பிப்ரவரித் தொடக்கத்தில் சுப்பிரமணிய சிவா தூத்துக்குடிக்கு வந்தார். வத்தலக்குண்டில் பிறந்த அவருக்கு அப்போது வயது இருபத்து மூன்று. வ.உ.சி. அவரைத் தன் வீட்டிலேயே தங்க வைத்துக்கொண்டார். அதன் பிறகு மாலைதோறும் கடற்கரையில் கூட்டம். பத்மநாப ஐயங்காரும் பேசினார். தூத்துக்குடிக் கடற்கரை உலாவப் போகிறவர்களின் இடமாக மட்டும் இருந்ததில்லை என்பதை இத்தொடரின் வாசகர்கள் அறிவார்கள். பெரிய கப்பல்கள் கரையை நெருங்க முடியாமல் பல மைல் தள்ளி நங்கூரமிட்டதால், ஏற்றுமதியும் இறக்குமதியும் தோணி வழியாகவே நடந்தன. ஆகவே துறையில் வேலை செய்த அத்தனை பேரும் கரையில்தான் இருந்தார்கள். ஆலையில் வேலை விட்டவர்கள் வந்து சேரும் தூரத்திலும் அது இருந்தது. அங்கே யாரையும் அழைப்பிதழ் கொடுத்து வரவழைக்கத் தேவையில்லை. பேசியவர்களும் இங்கிலீஷில் பேசிப் பயனில்லை. தமிழில், உரத்த குரலில், கூலிக்காரனுக்குப் பழக்கமான எடுத்துக்காட்டுகளோடு பேச வேண்டியிருந்தது. பேசினார்கள்.

விளைவு சில வாரங்களிலேயே தெரிந்தது. பிப்ரவரி 27 அன்று ஹார்வி நிர்வாகத்திலிருந்த கோரல் மில் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். கூலி உயர்வு, வாரத்தில் ஒரு நாள் ஓய்வு, வேலை நேரத்தில் மனிதத்தன்மை, இவைதாம் கேட்டவை. மார்ச் முதல் வாரத்தில் நிர்வாகம் இறங்கி வந்தது. அரவிந்தர் தம் ‘வந்தே மாதரம்’ பத்திரிகையில் இதைப் பாராட்டி எழுதினார். வேலைநிறுத்தம் நடந்த நாட்களில் ஊரிலிருந்த நாவிதர்களும் சலவைத் தொழிலாளர்களும் அரசாங்கத்துக்கு ஆதரவாகப் பேசியவர்களுக்கு வேலை செய்ய மறுத்தார்கள். பாதி முகச்சவரத்தில், தன் அரசியல் கருத்தைச் சொல்லிவிட்ட ஒரு வக்கீலை அப்படியே விட்டுவிட்டு நாவிதர் எழுந்து போன நிகழ்ச்சி அந்நாளில் ஊரெல்லாம் பேசப்பட்டது. அதைச் சிரித்துவிட்டுக் கடந்துவிடுகிறோம். சற்று நின்று யோசித்தால் அதன் கனம் தெரியும். எந்த மாநாட்டுப் பந்தலிலும் இருக்கை கிடைத்திராத ஒரு மனிதர், அன்றாடக் கூலியை இழக்கத் துணிந்து ஓர் அரசியல் நிலைப்பாடு எடுத்திருக்கிறார். கடற்கரை மணலில் கேட்டது அவர் வரைக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது.

மார்ச் 9 அன்று விபின் சந்திர பாலர் ஆறு மாதச் சிறைவாசம் முடிந்து விடுதலையாக இருந்தார். அரவிந்தருக்கு எதிரான வழக்கில் சாட்சி சொல்ல மறுத்ததற்காகச் சிறை சென்றவர் அவர். அந்த நாளை ஊர்வலத்தோடும் கூட்டத்தோடும் கொண்டாடுவது என்று முடிவாயிற்று. கலெக்டர் விஞ்சு அதை விரும்பவில்லை. கொண்டாட்டம் திருநெல்வேலித் தாமிரபரணிக் கரையில் நடந்தது. வ.உ.சி.யும் சிவாவும் பேசினார்கள். தூத்துக்குடியையும் திருநெல்வேலியையும் மணியாச்சி வழியாக இணைத்த ரயில் பாதை 1876 முதலே இருந்தது என்பதை இங்கே நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். பருத்தியைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோகப் போட்ட பாதை அரசியலையும் சுமந்து வந்தது.

தைப்பூச மண்டபம் என்ற பெயரே அதன் அன்றாட வேலையைச் சொல்லிவிடும். தைப்பூசத்தன்று நெல்லையப்பரும் காந்திமதியம்மையும் தீர்த்தவாரிக்கு எழுந்தருளும் கல் மண்டபம் அது. ஆண்டில் அந்த ஒரு விழா போக, மற்ற நாட்களில் குளிக்க வருகிறவர்கள் துணி வைக்கவும், வெயிலுக்கு ஒதுங்கவும், வழிப்போக்கர்கள் கண்ணயரவும் இடம் கொடுத்தது. இந்த நாட்டில் ஆற்றங்கரை மண்டபங்களும் நந்தவனத்து மண்டபங்களும் இப்படித்தான் வாழ்ந்தன. உடைமை கோயிலுக்கு, புழக்கம் ஊருக்கு. உட்கார எவரிடமும் அனுமதி கேட்டதில்லை, வாடகை கொடுத்ததில்லை. மாசி மாதத்தில் வெள்ளம் வடிந்து மண்டபத்தின் முன்னால் மணல் அகலமாக விரிந்து கிடக்கும். பேசுகிறவருக்கு உயரமான கல் தளம், கேட்கிறவர்களுக்குப் பரந்த மணல், குடிக்கத் தண்ணீர் பக்கத்திலேயே. பந்தலுக்கும் நாற்காலிக்கும் ஒரு காசு செலவில்லை. மறுகரையில் கொக்கிரகுளத்தில் மாவட்ட நிர்வாகத்தின் அலுவலகங்கள். சுலோச்சன முதலியார் பாலத்தின் இரு முனைகளிலும் இரண்டு அதிகாரங்கள் எதிரெதிரே நின்ற மாலை அது.

அரசாங்கத்தின் சங்கடத்தையும் இந்த இடத்திலிருந்துதான் புரிந்துகொள்ள முடியும். தோட்டத்துப் பந்தல் என்றால் உரிமையாளரைக் கூப்பிட்டு மிரட்டலாம். நகரசபை மண்டபம் என்றால் சாவியை எடுத்துக்கொள்ளலாம். ஆற்றங்கரையை மூடுவது எப்படி? படித்துறையை அடைத்தால் ஊர் குளிக்க முடியாது, தண்ணீர் எடுக்க முடியாது, ஈமக்கடன் கழிக்க முடியாது. பஞ்சாபிலும் கிழக்கு வங்காளத்திலும் கூட்டங்களைத் தடுக்க 1907-இல் தனிச் சட்டமே கொண்டுவர நேர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம். விஞ்சுவுக்கு இருந்த வழி ஒன்றே ஒன்று. இடத்தை மூட முடியாதபோது பேசுகிறவர்களை அகற்றுவது. நன்னடத்தைப் பிணை கேட்டார். மூவரும் உடன்படவில்லை. மார்ச் 12 அன்று வ.உ.சி., சிவா, பத்மநாப ஐயங்கார் மூவரும் சிறைக்குப் போனார்கள். மறுநாள் திருநெல்வேலி எழுந்தது. கடைகள் அடைக்கப்பட்டன, மாணவர்கள் வெளியே வந்தார்கள். நகரசபை அலுவலகமும் தபால் நிலையமும் காவல் நிலையமும் தாக்கப்பட்டன. நகரசபையின் மண்ணெண்ணெய்க் கிடங்கு எரிந்தது. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் இறந்தனர். தூத்துக்குடியில் தொழிலாளர்கள் மறுபடி வேலையை நிறுத்தினார்கள். இம்முறை கூலிக்காக அல்ல, தலைவர்களின் கைதைக் கண்டித்து. இந்தியாவில் தொழிலாளர்கள் முழுக்க அரசியல் காரணத்துக்காகச் செய்த முதல் வேலைநிறுத்தங்களில் இது ஒன்று.

இந்த வாதத்துக்கு எதிராகச் சொல்லப்படக்கூடியவை உண்டு. அவற்றை நேராக எதிர்கொள்ளாமல் வாதம் நிற்காது. கப்பல் கம்பெனியே காரணம், இடம் தற்செயல் என்பது முதல் மறுப்பு. வெள்ளைக்காரக் கம்பெனியின் லாபத்தில் கை வைத்ததால்தான் வ.உ.சி. பழிவாங்கப்பட்டார் என்பது பரவலான கருத்து. அதில் உண்மை உண்டு, மறுக்க வேண்டியதில்லை. ஆனால் நாட்களை வரிசையாக வைத்துப் பார்க்க வேண்டும். கம்பெனி தொடங்கிப் பதினாறு மாதங்களுக்கு மேல் அதன் மீது தொல்லைகள் வந்தன, கட்டணப் போட்டி வந்தது, கைது வரவில்லை. கடற்கரைக் கூட்டங்கள் தொடங்கி ஆறு வாரத்துக்குள், ஆற்றங்கரைக் கூட்டம் முடிந்து மூன்றே நாளில் கைது வந்தது. வழக்கு எதன் மீது நடந்தது என்பதையும் பார்க்க வேண்டும். கப்பல் ஓட்டியதற்காகக் குற்றச்சாட்டு இல்லை. பேசியதற்காக ராஜத்துரோகம், சிவாவுக்கு இடம் கொடுத்து உடந்தையாக இருந்ததற்காக இன்னொரு குற்றம். போலீசார் கூட்டத்தில் எடுத்த பேச்சுக் குறிப்புகளே முக்கியச் சாட்சியம். 1908 ஜூலை 7 அன்று நீதிபதி பின்ஹே வ.உ.சி.க்கு இரண்டு ஆயுள் தண்டனை, அதாவது இருபதும் இருபதுமாக நாற்பது ஆண்டுகள், சிவாவுக்குப் பத்து ஆண்டுகள் என்று தீர்ப்பளித்தார். மேல்முறையீட்டில் வ.உ.சி.யின் தண்டனை ஆறு ஆண்டுகளாகக் குறைந்தது. ஒரு வீட்டுத் திண்ணையில் பத்துப் பேருக்குச் சொல்லியிருந்தால் இந்தத் தண்டனை வந்திருக்குமா? தண்டிக்கப்பட்டது வெளியே, திறந்த வெளியில், எல்லோர் காதிலும் விழும்படி பேசிய பேச்சு.

இரண்டாவது மறுப்பு சென்னையையும் கல்கத்தாவையும் காட்டும். திறந்தவெளிக் கூட்டம் தூத்துக்குடிக்காரர்களின் கண்டுபிடிப்பு அல்ல. 1907 மே மாதத்தில் விபின் சந்திர பாலரே திருவல்லிக்கேணிக் கடற்கரையில் தொடர்ந்து பேசினார். திரண்டு வந்தார்கள். பின்னாளில் திலகர் கட்டம் என்று பெயர் பெற்றது அந்த மணல்தான். சரி, அப்படியானால் சென்னையில் ஏன் ஒரு மார்ச் 13 நேரவில்லை? பாலர் இங்கிலீஷில் பேசினார். கேட்டவர்கள் பெரும்பாலும் மாணவர்களும் படித்தவர்களும். இடம் திறந்திருந்தது, மொழி திறக்கவில்லை. இதிலிருந்து என் வாதத்தைத் திருத்திச் சொல்ல வேண்டும் என்பதை ஏற்கிறேன். திறந்த இடம் மட்டும் போதாது. அந்த இடத்தை ஏற்கெனவே தங்கள் வேலைக்கும் வழிபாட்டுக்கும் புழங்கிவந்தவர்கள் இருக்க வேண்டும், பேச்சு அவர்கள் மொழியில் இருக்க வேண்டும். தூத்துக்குடிக் கரையிலும் தாமிரபரணிப் படித்துறையிலும் இந்த இரண்டும் சேர்ந்தன. மெரினாவில் அன்று ஒன்றுதான் இருந்தது.

மூன்றாவது மறுப்பே மிகக் கடினமானது. கோயில் மண்டபத்தை எல்லோருக்கும் பொதுவான இடம் என்று சொல்வது சரியா? எல்லோரும் என்ற சொல்லை 1908-இல் இவ்வளவு எளிதாகப் பயன்படுத்த முடியாது. கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்ததை எதிர்த்து நடந்த வழக்கில் லண்டன் பிரிவி கவுன்சில் நாடார்களுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னதும் அதே 1908-இல்தான். தூத்துக்குடி வணிகத்தில் முன்னணியில் இருந்த ஒரு சமூகத்துக்கே கோயில் வாசல் மூடியிருந்தது. தலித்துகளின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. படித்துறைகளிலும் இன்னார் இங்கே என்ற பிரிவினை இருந்த காலம் அது. ஆகவே கல் தளத்தின் மீது யார் ஏறி நிற்கலாம் என்பதில் சமத்துவம் இருந்ததாகக் கற்பனை செய்துகொள்வது வரலாற்றுக்கும் அன்று வெளியே நிறுத்தப்பட்டவர்களுக்கும் செய்யும் துரோகம். நான் சொல்வது அதைவிடக் குறைவானது, ஆனால் உறுதியானது. தோட்டத்துப் பந்தலோடும் நகரசபை மண்டபத்தோடும் ஒப்பிட்டால், மணல் அகலமானது. கேட்கும் தூரத்தில் நிற்பதற்கு யாரும் சீட்டுக் கேட்கவில்லை. ஆலைத் தொழிலாளி, நாவிதர், கடைக்காரர், முஸ்லிம் வணிகர், கல்லூரி மாணவர் என்று அந்த நாட்களின் நிகழ்ச்சிகளில் பங்கெடுத்தவர்களின் பட்டியலே அதற்குச் சான்று. மண்டபம் திறந்துவிடாத வாசல்கள் இருந்தன. அவற்றைத் திறக்க வேறு போராட்டங்கள் தேவைப்பட்டன, 1939-இன் கோயில் நுழைவு வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

கடைசியாக, அன்றைய அதிகாரிகள் சொன்ன விளக்கம் ஒன்றுண்டு. வெறியூட்டும் பேச்சாளர்கள், எளிதில் தூண்டப்படும் கும்பல், விளைவு கலகம். இன்றும் கூட்டங்களைப் பற்றி இதே வாய்ப்பாட்டைச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நாட்குறிப்பைப் பார்த்தால் இது நிற்காது. பிப்ரவரித் தொடக்கத்திலிருந்து மார்ச் 12 வரை மாலைதோறும் கூட்டம் நடந்தது. இடையில் ஒரு பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. ஊர் எரியவில்லை. கோரிக்கை வைத்தார்கள், பேசினார்கள், வென்றார்கள், வேலைக்குத் திரும்பினார்கள். தீயும் துப்பாக்கியும் வந்தது தலைவர்களைச் சிறையில் அடைத்த மறுநாள். கூட்டம் கலவரத்தை உண்டாக்கவில்லை. கூட்டத்தின் வாயைக் கட்டியதுதான் உண்டாக்கியது.

அதன் பின்விளைவையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கடற்கரையும் ஆற்றங்கரையும் சில ஆண்டுகள் அரசியல் பேச்சில்லாமல் கிடந்தன. அந்த அரசியல் எங்கே போயிற்று? மூடிய அறைகளுக்குப் போயிற்று. நீலகண்ட பிரம்மச்சாரியின் ரகசியச் சங்கம் இந்த மாவட்டத்தின் சிற்றூர்களில் ஆள் சேர்த்தது. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டுக் கொன்றார். 1908-இல் தூத்துக்குடியில் அடக்குமுறையை நடத்திய அதே அதிகாரி. வாஞ்சிநாதனின் செயலுக்குப் பல காரணங்களை ஆய்வாளர்கள் விவாதிக்கிறார்கள், அவருடைய கடிதத்தில் வெளிப்படும் சனாதனப் பற்றையும் சேர்த்து. ஒற்றைக் காரணமாக இதை வைக்க மாட்டேன். ஆனாலும் ஆயிரம் பேர் கேட்கப் பேசும் அரசியலும் நாலு பேர் காளி படத்தின் முன் சத்தியம் செய்யும் அரசியலும் ஒன்றல்ல. முதலாவதில் தொழிலாளிக்கும் நாவிதருக்கும் இடம் இருந்தது. இரண்டாவதில் இல்லை. படித்துறையை இழந்தது அந்த மக்கள்தான்.

தாமிரபரணிக் கரையின் வரலாறு 1908-உடன் முடியவில்லை. 1999 ஜூலை 23 அன்று, கூலி உயர்வு கேட்டு ஊர்வலமாக வந்த மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களும் அவர்களுக்கு ஆதரவாக வந்தவர்களும் கொக்கிரகுளத்தில் கலெக்டர் அலுவலகத்தை நெருங்கியபோது போலீஸ் தடியடி நடத்தியது. ஆற்றுக்குள் விரட்டப்பட்டதில் பதினேழு பேர் இறந்தனர். பெண்களும் ஒரு கைக்குழந்தையும் அதில் அடக்கம். வெள்ளைக்கார ஆட்சி போய் ஐம்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து, 1908-இல் மக்கள் கூடிய அதே ஆற்றின் கரையில் இது நடந்தது. கூடும் இடத்துக்கும் அரசுக்கும் உள்ள பகை ஓர் அந்நிய ஆட்சியோடு ஒழிந்துவிட்டது என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணி கரை மீறியபோது படித்துறை மண்டபங்கள் நீரில் மூழ்கி எழுந்தன. அதே நாட்களில் தூத்துக்குடியும் மாப்பிள்ளையூரணி சுற்றுவட்டாரமும் தண்ணீரில் நின்றன. கல் மண்டபம் வெள்ளத்தைத் தாங்கும். குப்பையையும் சாக்கடையையும் மறதியையும் எவ்வளவு நாள் தாங்கும் என்பதுதான் கேள்வி. வ.உ.சி. பெயரைத் துறைமுகத்துக்கு வைத்திருக்கிறோம், சிலைகள் வைத்திருக்கிறோம், மணிமண்டபம் கட்டியிருக்கிறோம். அவர் நின்று பேசிய இடங்களையும் அதே அக்கறையோடு காப்பாற்ற வேண்டும். தூத்துக்குடிக் கடற்கரையில் கூட்டம் நடந்த பகுதி, கோரல் மில் தொழிலாளர்கள் கூடிய தெருக்கள், நெல்லையில் தைப்பூச மண்டபம், மணியாச்சி நிலையம் ஆகியவற்றை ஒரே வரிசையாக நம் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்ட ஒரு நாள் போதும். மாவட்ட நிர்வாகங்கள் இரண்டும் சேர்ந்து அதற்கான ஏற்பாட்டைச் செய்ய வேண்டும் என்று இத்தொடரின் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

1908 எழுச்சிக்குப் பிறகு அரசாங்கம் திருநெல்வேலி, தூத்துக்குடி இரண்டு ஊர்களிலும் தண்டக் காவல் படையை நிறுத்தி, அதன் செலவை ஊர்க்காரர்கள் மீதே வரியாக விதித்தது. அந்த வரி யார் யார் மீது விழுந்தது, எப்படி வசூலானது என்பதை அடுத்த பகுதியில் பார்ப்போம். தூத்துக்குடி, மாப்பிள்ளையூரணி, ஒட்டப்பிடாரம் பக்கத்து வீடுகளில் பழைய பெட்டிகளுக்குள் அந்த வரி ரசீதோ, சுதேசிக் கப்பல் கம்பெனியின் பங்குப் பத்திரமோ இருந்தால், தயவுசெய்து அதைக் கரையானுக்கு விட்டுவிடாதீர்கள். படம் எடுத்து எழுதி அனுப்புங்கள்.